ஃபினோலாவின் ஜன்னலும் என் சுவரும்

ஜூலை 3, திங்கள்

ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்து முடித்தாயிற்று. முதுகு முறிந்துவிட்டது. ஆனாலும் மனசு தெளிவாக இருக்கிறது, ஏனென்றால் முடிவு செய்துவிட்டேன்.

மாதக் கடைசியில் பழ ஞாயிறு. ஊரே டூன்மோரா குன்றேறி, இடிந்த கோட்டையைச் சுற்றிக் கருநீலப் பழம் பறிக்கும். அன்று மேலே வைத்து ஃபெஸ்டஸிடம் நானே கேட்டுவிடப் போகிறேன், என்னைக் கட்டிக்கொள்கிறாயா இல்லையா என்று. எட்டு வருடமாக ஞாயிறு தவறாமல் என் மேசையில் சாப்பிடுகிறான். தட்டைக் கழுவி வைக்கிறான். தொப்பியை எடுத்துக்கொண்டு, "நல்லாயிருந்துச்சு நோரீன்" என்று போய்விடுகிறான். நடுவில் ஒரு கற்சுவர்தான். அந்தப் பக்கம் அவன் நிலம், இந்தப் பக்கம் என் நிலம். எனக்கு ஐம்பத்தொன்று ஆகிறது. இன்னும் எந்த முகூர்த்தத்துக்குக் காத்திருக்கிறோம்?

சரி என்பான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூலை 9, ஞாயிறு

ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, புதினாச் சாறு. ஃபெஸ்டஸ் இன்று வழக்கத்தைவிட அதிகம் பேசினான் – அதாவது இரண்டு கேள்வி.

"உன் வாசக்கதவு என்ன சிவப்பு?"

"கொட்டகையில பெயின்ட் டப்பா கிடக்கு, பார்த்துக்கோ" என்றேன்.

அப்புறம் வெகுநேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தச் சுவரு நமக்கு எதுக்கு, நோரீன்?" என்றான்.

"எதுக்கா? சுவரு இல்லன்னா உன் கிடா என் முட்டைக்கோஸுக்குள்ள நிக்கும்!"

தலையாட்டினான். தட்டைக் கழுவினான். போனான்.

ஜூலை 12, புதன்

காலையில் பார்த்தால் சுவரில் பெரிய உடைப்பு! வண்டியே போகும் அளவுக்கு. அப்பா அடுக்கிய சுவர். அவர் போன பிறகு ஒரு கல்கூட அசைந்ததில்லை. எந்தக் கிடா முட்டியதோ, பாழாய்ப்போனது.

கற்கள் எல்லாம் ஓரமாக அழகாகக் குவிந்திருந்தன. விழுந்த கல் இப்படிக் குவியுமா என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான். அவன் பக்கம் சரளையும், தார்ப்பாய் போர்த்திய எதுவோ ஒன்றும் கிடந்தன; கொட்டகை வேலைக்காக இருக்கும். உடைப்பைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஃபெஸ்டஸ் குட்டிகளை விற்கச் சந்தைக்குப் போயிருந்தான். வருவதற்குள் முடித்து அவனை அசத்திவிடலாம் என்று சாயங்காலம் வரை நின்று அடுக்கிவிட்டேன். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, ஆனாலும் இடுக்கில் கத்தி நுழையாது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னைப்போலக் கல் அடுக்க ஒரு ஆம்பளை இருந்தால் வரச்சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஜூலை 13, வியாழன்

ஃபெஸ்டஸ் டிராக்டரில் என்னைக் கடந்து போனான். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவானே, அதுகூட இல்லை. நன்றி வேண்டாம், ஒரு விரல் தூக்கினால் என்ன?

ஜூலை 16, ஞாயிறு

வரவில்லை. உருளைக்கிழங்கு ஆறிப்போனது. நாய்க்குப் போட்டேன்.

சளியாக இருக்கும்.

ஜூலை 22, சனி

சளி இல்லை. அவன் அக்கா டீலியாவின் கடைக்குப் போனேன்.

"என்னடி பண்ணின என் தம்பியை? தட்டுல இருக்கிற கிழங்கை வெறிச்சுப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கான்."

"நான் என்ன பண்ணினேன்? அவனுக்கும் சேர்த்து நானே சுவரைக் கட்டிக் குடுத்திருக்கேன்!"

டீலியா பன்றிக்கறியை எடை போட்டுக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியும்டி. ஊருக்கே தெரியும்."

தெரியட்டுமே. நல்ல சுவர்.

ஆனால் இவனுக்கு என்னதான் வந்தது? டவுனில் வேறு யாராவது...? சீ, போ. அவனாவது, வேறொருத்தியோடு பேசுவதாவது! நான் கேட்பதாக இருந்தால் கேட்கத்தான் போகிறேன். பழ ஞாயிறுக்கு வராமல் எங்கே போய்விடுவான்? ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

ஜூலை 30, பழ ஞாயிறு

வரவில்லை.

எல்லாரும் ஆளுக்கொரு கல் சுமந்து ஏறி, கோட்டை வாசலில், பழங்கதையில் வரும் ஃபினோலாவின் பேரில் இருக்கும் கற்குவியலில் போடுவோம். என் கல்லையும் சேர்த்து எப்போதும் ஃபெஸ்டஸ்தான் தூக்குவான். இன்று நானே தூக்கினேன். ஏறும்போது யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. டீலியா மட்டும் பழத்தைத் தின்றுகொண்டே நீல உதட்டோடு முறைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. போகட்டும், அவன் வராவிட்டால் என் குரலுக்கு என்ன கேடு என்று வழக்கம்போலக் கோட்டை ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்து அவள் கதையைச் சொன்னேன்.

ஃபினோலாவின் புருஷன் கான் சண்டைக்குப் போயிருக்கிறான். அவள் இந்த ஜன்னலில் காத்திருக்கிறாள். மூடுபனிக்குள் யாரோ குன்றேறி வருகிறார்கள். பகைவர்கள்தான் என்று முடிவு கட்டி, ஓடிப்போய் வாசலைக் கல் வைத்து அடைக்கிறாள் – தன் கையாலேயே. விடிந்து பார்த்தால் வெளியே செத்துக் கிடப்பவன் கான். காயத்தோடு வீடு வந்து சேர்ந்தவன். இங்கே நான் எப்போதும் சொல்வது: "சொந்த ஆம்பளையை அடையாளம் தெரியாத முட்டாள்!" எல்லாரும் சிரிப்பார்கள்.

இன்று ஒருத்தரும் சிரிக்கவில்லை. டீலியா மட்டும், "அப்படியா சொல்ற? கொஞ்சம் திரும்பிப் பாருடி" என்றாள்.

திரும்பினேன். ஜன்னலுக்குக் கீழே எங்கள் நிலங்கள். என் வீட்டிலிருந்து பார்த்தால் அவன் பக்கத்தை மேடு மறைத்துவிடும். இங்கிருந்து எதுவும் மறையவில்லை. ஃபெஸ்டஸின் பின்வாசலிலிருந்து புதிதாகச் சரளை கொட்டிய ஒரு பாதை. இரண்டு வயலைத் தாண்டி, வளையாமல் நெளியாமல், நேராக என் சுவருக்கு வருகிறது. சரியாக நான் அடுக்கிய இடத்தில் முட்டி நிற்கிறது. பக்கத்தில் தார்ப்பாய் விலகி, புல்லில் ஓர் இரும்புக் கதவு கிடக்கிறது. சிவப்பு. என் வாசல் சிவப்பு.

ஐயோ. ஐயோ கடவுளே. கிடா இல்லை. ஒரு கிடாவும் இல்லை!

"ஏன் டீலியா, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"நீ வேணாம்னு சொல்லிட்டன்னுதானே நெனச்சோம்! இப்போ உன் மூஞ்சியப் பார்த்தாத்தான் தெரியுது, உனக்குப் புரியவே இல்லன்னு. ஏண்டி, ஒரு மனுஷன் சுவரைத் திறந்து வச்சா, கல்லைக் கொண்டா அடைப்பாங்க?"

கதை முடியவில்லை. பழக்கூடையை எடுக்கவில்லை. இந்த வயதில் அந்தச் சரிவில் ஓடினேன், முட்டி இரண்டும் போயிற்று. நேராகச் சுவருக்குப் போய்க் கல்லைப் பிடுங்க ஆரம்பித்தேன். எவ்வளவு நன்றாக அடுக்கித் தொலைத்திருக்கிறேன்! ஒரு கல் வரமாட்டேன் என்கிறது.

சத்தம் கேட்டு ஃபெஸ்டஸ் வந்தான். அந்தப் பக்கம் நின்றான்.

"என்ன பண்ற?"

"கண்ணு தெரியலையா? இடிக்கிறேன்."

"நல்ல சுவராச்சே."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா முத்தா உதிர்ந்துடும்?"

"கேட்டேனே. சுவரு நமக்கு எதுக்குன்னு."

"அது கேக்கிறதா? நான் அடைச்சா அடைச்சதுதான்னு விட்டுட்டுப் போயிடுவியா?"

தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான். "அவ்வளவு நேர்த்தியா அடுக்கியிருந்தியே நோரீன். வேணாங்கிறதை இதைவிடச் சுத்தமா ஒருத்தர் சொல்ல முடியாதுன்னு நெனச்சேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேலே வைத்துக் கேட்க வேண்டியதைக் கீழேயே கேட்டேன். "என்னைக் கட்டிக்கிறியா, இல்லையா?"

தொப்பியை மெதுவாகத் திரும்பத் தலையில் வைத்து நேராக்கினான். ஃபெஸ்டஸ் அல்லவா.

"அந்தக் கதவோட ஒரு முனையைப் பிடி" என்றான். "ஒத்தையாத் தூக்க முடியாது."

ஜூலை 31, திங்கள்

கையெல்லாம் கொப்புளம். எழுத முடியவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

வெளியூர்க்காரர்கள் சிலர் வந்து கோட்டைக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். ஜன்னலில் உட்கார்ந்து கதை சொன்னேன். "அவள் முட்டாளா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"முட்டாள் இல்லம்மா. கல் அடுக்குறதுல ரொம்பக் கெட்டிக்காரி, அவ்வளவுதான்" என்றேன்.

பின்னால் நின்ற ஃபெஸ்டஸுக்கு இருமல் வந்தது.

அக்டோபர் 19, வியாழன்

மழை. சிவப்புக் கதவின் கீல் கிறீச்சிடுகிறது. ரெண்டு சொட்டு எண்ணெய் விடு என்று ஒரு வாரமாகச் சொல்கிறேன், ஃபெஸ்டஸ் காதிலேயே வாங்கவில்லை. இன்று கோபமாகவே கேட்டேன்.

"வேணாம்" என்றான். "நீ வர்றது தெரியட்டும்."