மருந்து தெளித்த துளசி

டிசம்பர் 31, இரவு

சுற்றுவட்டாரத்தில் கோழிகளுக்கு நோய் பரவுகிறது என்று பண்ணையைப் பூட்டி இருபது நாள் ஆகிறது. வேலை செய்பவர்கள் யாரும் வெளியே போகக் கூடாது. சேந்தமங்கலத்தில் என் மகள் கோகிலாவுக்குத் தலைப்பிரசவம், இந்த வாரம்தான். வருடம் முடிவதற்குள் நாமக்கல் ஆஞ்சநேயருக்கு அர்ச்சனை செய்வதாக வேண்டியிருந்தேன். அதுவும் முடியவில்லை.

மதியம் முட்டை லாரி டிரைவர் செல்வம் வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டான்.

“அக்கா, நேத்து இங்க நின்னு நீங்க போன்ல அழுததைக் கேட்டனுங்க. காலைல ஆஞ்சநேயர் கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டு வந்தனுங்க. நட்சத்திரம் தெரியலைங்க, கோகிலான்னு பேரு மட்டும் சொன்னேன்.”

உடைந்த முட்டைக்காக அவனை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

அவன் நீட்டிய துளசிமேல் கிருமி மருந்து தெளித்துத்தான் வாட்ச்மேன் என்னிடம் கொடுத்தார். மருந்து நாற்றத்தோடு தலையில் வைத்துக்கொண்டேன்.

சற்று முன் கோகிலா பேசினாள்.

“இடுப்பு வலிக்குதும்மா. நீ வாரயா?”

வருகிறேன் என்று எப்படிச் சொல்வேன்?

“சாமி இருக்குது கண்ணு” என்றேன். எப்போதும் வாய்க்கு வருகிற வார்த்தைதான். இன்று நம்பிச் சொன்னேன்.

போனைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். இன்னும் அடிக்கவில்லை.