விஜிலா சுட்ட மக்ரூன்

மாதா கோயில் சாயங்காலப் பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில், துறைமுக வேலை முடிந்து வரப்போகும் கணவன் வளனுக்கு விஜிலா சீட்டு எழுதினாள்:

"அனிஷ் அப்பா, ஹாலோவீன் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடா மிட்டாய் கேட்டு ஆறு மணிக்கு வருவாங்க. ஆளுக்கு ரெண்டு மக்ரூன் கொடுங்க. டின்னை உடனே மூடுங்க, மழைக்கு நமுத்துப்போவும். மாடி வீட்டு ஜெசிந்தா கொடுக்கிற துபாய் சாக்லேட் மாதிரி இருக்காது. கை வலிக்க முட்டை வெள்ளைக்கரு அடிச்சு, முந்திரி சேர்த்து நானே சுட்டது. போன வருஷம் நீங்களும் முகமூடி மாட்டிக்கிட்டு, பிள்ளைகளோட அவ வாசல்ல போய் நின்னீங்க. அந்தச் சாக்லேட் தாளைக்கூடப் பத்திரமா வச்சிருந்தீங்க. நான் பார்த்தேன்."

அதோடு முடிக்க மனம் வரவில்லை. அடியில் நெருக்கி எழுதினாள்:

"உங்க பங்கு பீரோவுக்குள்ள இருக்கு. சாவி என்கிட்ட. முகமூடி போட்டு நம்ம வாசல்ல நில்லுங்க, வந்து தாரேன்."