மாடிக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்

செப்டம்பர் 3, புதன்

வீட்டுக்காரர் வேடம் எனக்கே! நான் வாயைத் திறந்ததும் கடைசி வரிசை ஜன்னல் அதிர்ந்தது என்றார் நாடக மாஸ்டர். “மெல்லப் பேசுடி, ஊருக்கே கேக்குது” என்று அம்மா திட்டும் தொண்டைக்கு ஒரு வழியாக மரியாதை கிடைத்திருக்கிறது.

கல்லூரியில் அடுத்த வாரம் முழுக்க ‘கண் திறக்கும் வாரம்’. உலகத்து அநியாயங்களைப் பாடமாகப் படிக்காமல் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். ஓர் அறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு படிவம் நிரப்ப வேண்டும். இன்னொன்றில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நூலகத்துக்குள் போக வழி தேட வேண்டும். எங்கள் பங்கு நாடகம். வாடகைக்கு வீடு கேட்டு ஒரு குடும்பம் வருகிறது. அவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் விரட்டுகிறார். முதல் முறை முழுதாக நடித்துக் காட்டுவோம். இரண்டாம் முறை நடிக்கும்போது, பார்க்கிறவர்களில் யார் வேண்டுமானாலும் “நிறுத்து!” என்று எழுந்து வரலாம். வீடு கேட்பவருக்குப் பதிலாகவோ பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதிலாகவோ நின்று அந்த அநியாயத்தைத் தடுத்துப் பார்க்கலாம்.

எழுதியது கடுகு. என் வகுப்புத் தோழி. ஆள் சிறுசு, காரம் பெரிசு, அதனால் நான் வைத்த பெயர். வீடு கேட்பவளாக நடிக்கப் போவதும் அவள்தான். அவள் குடும்பமே பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

“நிஜமாவே இப்படியெல்லாம் பேசுவாங்களாடி?” என்றேன்.

“குறைச்சுத்தான் எழுதியிருக்கேன்” என்றாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

கடுகின் முகம் சரியில்லை. அவர்கள் இருக்கும் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும். பக்கத்தில் வீடு கிடைக்காவிட்டால் அவரவர் சொந்தக்காரர் வீட்டில் ஒண்ட வேண்டியதுதான் என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மாடி இரண்டு மாதமாகச் சும்மா பூட்டிக் கிடக்கிறது! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாளே இந்தப் பெண்.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். “வரச் சொல்லும்மா, அதுக்கென்ன” என்றார். இவ்வளவுதான் அப்பா. மூக்குக் கண்ணாடிக் கடையில் அவரிடம் அளவு பார்க்க வந்தவர்கள் வேறு கடைக்குப் போனதே இல்லை. தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். அம்மா மட்டும் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

செப்டம்பர் 7, ஞாயிறு

நானும் கடுகும் ஒத்திகையில் இருந்தபோது அவள் அப்பா அம்மா வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீடு இல்லையாம். முந்தின நாள் சாயங்காலம்தான் யாரோ வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். சே! ஒரே ஒரு நாள்!

செப்டம்பர் 8, திங்கள்

கடுகிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுடி. உங்க அப்பா மாதிரி மனுஷனைப் பார்த்ததே இல்லைன்னு அம்மா சொல்லிச் சொல்லி மாயறாங்க. டீ குடுத்தாராம். கேட் வரைக்கும் வந்து அனுப்பினாராம்.” எனக்குப் பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர், உப்பு, அம்மாவின் திட்டு.

செப்டம்பர் 13, சனி

இப்போதே எழுதிவிடுகிறேன்.

இன்று பெற்றோருக்கான காட்சி. அரங்கம் நிறைந்திருந்தது. இரண்டாம் முறை நடிக்கிறோம். “உங்க ஆளுங்களுக்கெல்லாம் இங்க வீடு கிடையாது, போ வெளியே!” என்று நான் கத்துகிற இடம். “நிறுத்து!” என்று குரல். திரும்பினால் — அப்பா. சிரித்துக்கொண்டே படியேறி வருகிறார். கடுகுக்குப் பதிலாக நிற்கப் போகிறார், எனக்கு நல்ல சூடு வைப்பார் என்று நினைத்தேன். அவரோ என் தோளைத் தட்டி, “நீ தள்ளிக்கம்மா, வீட்டுக்காரரா நான் நிக்கறேன்” என்றார்.

“சார், வீட்டுக்காரரை மாத்தக் கூடாது” என்றார் மாஸ்டர்.

“ரெண்டே நிமிஷம். பொண்ணு ரொம்பக் கத்தறா. விவரம் தெரிஞ்சவங்க யாருமே இப்படிக் கத்த மாட்டாங்க. எப்படிச் சொல்லணும்னு காட்டறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா கடுகைப் பார்த்ததே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். “வாங்கம்மா, உக்காருங்க. முன்னாடி எங்க குடியிருந்தீங்க?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம்.”

“அப்படியா, சந்தோஷம். டீ சாப்பிடுங்க. அடடா, ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? நேத்துச் சாயங்காலம்தான் ஒருத்தர் வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார். எனக்கே மனசு கேக்கல. ஒண்ணு பண்ணுங்க, ஒரு வாரம் பொறுங்க. அவர் வராட்டா வீடு உங்களுக்குத்தான்.”

சொல்லிவிட்டுச் சபையைப் பார்த்தார். “அவ்வளவுதான். அவங்க மனசும் நோகல, நமக்கும் பொல்லாப்பு இல்ல.”

கைதட்டல். யாரோ விசில் கூட அடித்தார்கள்.

கடுகு நாற்காலியிலிருந்து எழவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் அம்மா வந்து சொன்ன வார்த்தைகள் அவளுக்கு நினைவிருக்காதா? ஒரு நாள் முன்னாடி, நேத்துச் சாயங்காலம் — எனக்கே நினைவிருக்கிறதே!

அட்வான்ஸ் கொடுத்தவர் யார்? ஒரு வாரமாகிறது, ஒரு பெட்டி கூட மாடியேறவில்லையே. என் கண்ணில் படவே இல்லையே. ஐயோ, நான் இவ்வளவு மக்கா?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். மழுப்புவார், கோபப்படுவார் என்று நினைத்தேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: “யாரும் இல்லம்மா.”

“பொய் சொன்னீங்களாப்பா?”

“உன் ஃப்ரெண்டோட அப்பா அம்மாவாச்சே. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லச் சொல்றியா? பழகலாம், ஒண்ணா உக்காந்து டீ குடிக்கலாம். வீட்டுக்குள்ள குடி வைக்கிறது வேற விஷயம். நாலு பேர் இருக்கிற தெரு இது.”

அம்மாவைப் பார்த்தேன். “தெரிஞ்சுக்கிட்டா கஷ்டமா இருக்கும்னுதான் நான் எதுவும் கேக்கல” என்றாள்.

அப்பா எப்போதும்போல், “சாப்ட்டியா?” என்று கேட்டார். அதே குரல். அந்தக் குரலில்தான் எனக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுத்தார். கத்தியிருந்தால் தேவலையே. ஒரு துளி வெட்கப்பட்டிருந்தால் கூட — இல்லப்பா, எனக்குப் புரியல. நெசமாவே புரியல.

செப்டம்பர் 15, திங்கள்

கடுகு சண்டை போடுவாள் என்று பயந்துகொண்டு போனேன். அவள் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

“கத்தறவங்க எவ்வளவோ மேல்டி. அழுதுட்டு அன்னைக்கே அடுத்த வீட்டைப் பார்க்கப் போயிடலாம். உங்க அப்பா ஒரு வாரம் பொறுக்கச் சொன்னாரா, அம்மா பொறுத்தாங்க. சுமாரா ஒரு வீடு இருந்துச்சு, ஈரச் சுவர்தான், ஆனா எங்களுக்குக் குடுக்கறேன்னாங்க. அதை விட்டுட்டாங்க, நல்லவர் வார்த்தையை நம்பி. இப்ப அதுவும் போயிடுச்சு.”

“உங்க அம்மாவுக்குத் தெரியுமா?”

“சொல்லல. ஒரு நல்லவராவது மிச்சம் இருக்கட்டும் அவங்களுக்கு.”

செருப்பால் அடித்திருக்கலாம் என்னை.

செப்டம்பர் 16, செவ்வாய்

அப்பா நடித்துக் காட்டியதை அப்படியே நாடகத்தில் சேர்க்கலாம், மற்ற கல்லூரிகளிலும் போடலாம் என்கிறார் மாஸ்டர். “உன் அப்பா மாதிரியே நீ பண்ணணும்.” முடியாது என்றேன். என்னால் வராது என்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

மூன்று நாளாக அப்பாவிடம் மன்றாடுகிறேன். மாடியை அவர்களுக்கே கொடுங்கள் என்று. இன்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “யோசிக்கலாம்மா” என்றார்.

இப்போது அந்தச் சொல்லின் விலை எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 24, புதன்

மாடிக்கு ஆள் வந்தாகிவிட்டது. நிஜமான ஆள், நிஜமான பெட்டிகள். “நம்ம ஆளுங்கதான்” என்று அப்பா அறிமுகப்படுத்தினார். அந்த அக்கா நன்றாகத்தான் சிரிக்கிறாள். அவளை என்ன சொல்ல?

மாலையில் விடுதியில் இடம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். கடுகும் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அவளுக்கு வேறு வழியில்லை. எனக்கு ஏன் என்று அப்பா கேட்டார். ஒத்திகை முடிய நேரமாகிறது என்றேன். அம்மா என் துணிகளை மடித்துக் கொடுத்தாள், ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலிருப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அக்டோபர் 4, சனி

விடுதி. ஜன்னலோரக் கட்டில் கடுகுக்கு, கதவோரம் எனக்கு. முதல் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. நேற்று, “உன் போர்வை கீழ கிடக்கு” என்றாள். அது போதும் எனக்கு.

இன்று காலை அப்பா வந்தார். பார்வையாளர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், மடியில் அம்மா கொடுத்தனுப்பிய பை. கடுகும் என்னோடு வந்தாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

மேடையில் பார்த்த பெண் என்று அடையாளம் தெரிந்தது அவருக்கு. “நல்லா நடிச்சேம்மா” என்றார். அவள் யாருடைய மகள் என்று நான் சொன்னேன். ஒரு கணம்தான். உடனே எழுந்து நின்று, உண்மையான அக்கறையோடு கேட்டார்: “அப்பா அம்மா சௌக்கியமா? வீடு கிடைச்சுதாம்மா?”

“இல்ல சார்.”

“அப்ப... எங்க இருக்காங்க?”

“அப்பா சித்தப்பா வீட்டு வராந்தாவுல. அம்மா பெரியம்மா ஊர்ல. ரெண்டு பேரையும் சேர்த்து வச்சுக்க யார் வீட்டுலயும் இடம் இல்ல.”

அப்பா “அடடா” என்றார். அப்பாவுக்கு வார்த்தை வராமல் நான் பார்த்தது இதுதான் முதல் முறை. பையின் காதைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சின்னக் குரலில், “நீ எப்பம்மா வீட்டுக்கு வருவே?” என்றார்.

போகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது? அந்த முகத்தைப் பார்த்து எப்படி?

“வரணும்னுதான்ப்பா இருக்கு. பாருங்க, சரியா இப்பதான் பரீட்சை வந்து நிக்குது. ஒரு வாரம் பொறுங்க, முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்” என்றேன். தேன் மாதிரி வந்தது குரல். கொஞ்சமும் தடுமாறவில்லை.

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. “நல்லாப் படிம்மா” என்று தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை கடுகு பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நமக்கு இப்ப ஏதுடி பரீட்சை?” என்றாள்.