மஞ்சள் இறங்கிய கண்

மாசி 10, சனி
காலையில் மலையே தெரியாத பனி. பத்து மணிக்கெல்லாம் மண்டையைப் பிளக்கிற வெயில். மலை மேலிருந்து கடைக்குச் சாமை ஒரு லோடு. மேலாகப் பார்த்தால் தங்கம். குத்தூசி போட்டு எடுத்துப் பார்த்தால் நடு மூட்டையில் ஈரம். திருப்பி அனுப்பியாச்சு.

வீட்டுக்காரி செல்விக்குக் குளிர் காய்ச்சல். கண் மறுபடி மஞ்சள். மூணாவது தடவை. முன்னே ரெண்டு தடவையும் மலை மருந்து, உப்பில்லாப் பத்தியம், இறங்கிப் போச்சு. இப்ப காய்ச்சலும் சேர்ந்ததில் பயம். சேலம் போயாகணும்.

மாசி 12, திங்கள்
சேலம். ஸ்கேன். வாய் வழியே குழாய் விட்டும் பார்த்தார்கள். கல் இல்லை. ஈரலில் இடது பக்கப் பித்தக்குழாய்க்குள் கட்டி. ரொம்ப அபூர்வமாம்.

டாக்டர்: “அந்தக் கட்டி கோழை மாதிரி சுரந்துகிட்டே இருக்குங்க. சேர்ந்து அடைச்சா காமாலை. வழுக்கிட்டுப் போனா காமாலை போயிடும். கட்டி அப்படியேதான் இருக்கும்.”

“அப்ப மருந்துல எறங்குனது?”

“அது பாட்டுக்கு எறங்கியிருக்கும். இப்ப புத்துநோயா முழுசா மாறினாப்ல தெரியல. விட்டா மாறிடும். ஈரல்ல அந்தப் பக்கத்தையே எடுக்கணும். பெரிய ஆபரேஷன். ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

படம் காட்டினார். பித்தக்குழாய் முடிகிற இடத்தில் மீன் வாய் மாதிரி ஓட்டை. அதிலிருந்து கெட்டியாக வழியுது. பார்த்திருக்கக் கூடாது.

மாசி 15, வியாழன்
திங்கட்கிழமை சேரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடை திறந்தேன். தேனை டின் மாற்றி ஊற்ற வேண்டிய வேலை. முடியல. அந்த ஓட்டைதான் கண் முன்னால். மூடி வைத்துவிட்டேன்.

யாரைப் பார்த்தாலும் கண்ணைத்தான் பார்க்கிறேன். டீக்கடைக்காரர் கேட்டே விட்டார். “இன்னா மொதலாளி, எம்மூஞ்சில இன்னா எழுதிக்கீது?”

செல்வியின் அண்ணன் மலை மருந்தோடு வந்தார். “ரெண்டு தடவ எறங்குச்சா இல்லியா மாப்ள? ஈரல அறுத்துட்டா அவ இன்னாத்துக்கு ஆவா?” செல்வி வாங்கிக் குடித்தாள். நான் தடுக்கல.

உளுந்து, சோப்பு, போன் சார்ஜர் வாங்கணும்.

மாசி 18, ஞாயிறு
கண் வெளுத்துவிட்டது. சுத்தமாக. காய்ச்சலும் இல்லை. மீன் குழம்பு வைத்தாள், மச்சான் ரெண்டு தட்டு சாப்பிட்டார். “சேலத்துக்காரனுக்குப் போனப் போட்டுச் சொல்லு மாப்ள.”

சிரிக்க முடியல. அவள் தண்ணி குடிக்கும்போது, கோலம் போடும்போது, உள்ளே அது பாட்டுக்குச் சுரந்துகினு இருக்கு. ஆனால் அறுக்கக் கொடுத்து, திரும்பி வரலன்னா? அவளிடம் சொன்னேன்: ஒரு மாசம் தள்ளிப் போடலாம்.

கண்ணாடியில் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “மேலால நல்லாக்கீற மூட்டைய நீங்க இன்னா பண்ணுவீங்க?”

“குத்திப் பாப்பேன்.”

“குத்திப் பாத்து ஈரம்னு தெரிஞ்சப்புறம்?”

பரண் மேலிருந்து பையை இறக்கினேன்.

“எனக்கும் பயம்தாங்க. பையில அந்தப் பச்சப் பொடவைய எடுத்து வையுங்க.”

மாசி 21, புதன்
விடியலிலேயே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மச்சான் வாசல் பெஞ்சில். நகை எதுவும் கூடாதாம். தாலிக் கயிற்றை அவளே கழற்றிக் கொடுத்தாள். “தொலச்சிடாதீங்க, ஆமா.”

சட்டைப் பையில் இருக்கு. மத்தியானம் ஆச்சு. யாரும் வெளியே வரல. தொட்டுத் தொட்டு விரலெல்லாம் மஞ்சள். சாப்பிடக் கூப்பிட்டார்கள். கை கழுவணுமே என்று போகல.