பாலாறு கடல் சேரும் இடம் வரை

அண்ணி,

கருங்குழி பேருந்து நிறுத்தச் சுவரில் உங்கள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி மூன்று மாதமாகியும் கிழியாமல் இருக்கிறது. பார்க்காமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். இன்றுதான், நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் போகும் வழியில், நின்று படித்தேன். உங்கள் படத்துக்குக் கீழே, "அடக்கமே உருவானவர், அதிர்ந்து பேசாதவர்" என்று போட்டிருக்கிறார் பெரியண்ணன். நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன். பிறகுதான் கோபம் வந்தது. உயிரோடு இருந்தவரை முடியாததைச் செத்த பிறகு செய்து பார்க்கிறார். நான் விடப்போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், சின்னண்ணன் மஞ்சள் காமாலையில் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. உங்களுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவர் விட்டுப்போனது அந்தப் பழைய வேன் ஒன்றுதான். கோடையில் வற்றிக்கிடந்த மதுராந்தகம் ஏரியில் அவரே உங்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும், லைசென்ஸ் எடுத்துத் தந்ததும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்று அப்போது சிரித்தார்கள். பொங்கல் கழிந்ததும் வேனை விற்றுவிடுவதென்று பெரியண்ணன் முடிவு செய்தார். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் நீங்கள் என்னை எழுப்பினீர்கள். ஸ்டவ், அரிசி, கருவாடு, தார்ப்பாய் எல்லாம் ஏற்கெனவே வண்டியில் இருந்தன.

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து பாலாத்துப் பாலத்து மேல போய்கினு வந்துகினு கீறேன். அது எங்க போய்ச் சேருதுன்னு ஒரு நாளாச்சும் பாக்க வேணாமா? ஏறுடி."

ஏறிவிட்டேன். ஏன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு ஊரப்பாக்கத்தில் ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. புத்தியுள்ளவள் ஏறியிருக்க மாட்டாள்.

பாலம் தாண்டிக் கிழக்கே திரும்பினோம். ஆறு வலது பக்கம் எங்களோடு வந்தது. நெல் அறுத்த வயல்கள், அதற்கப்பால் நாணல், அதற்கும் அப்பால் வெயிலில் வெளுத்த மணல். மணலின் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். வள்ளிபுரம் பக்கம் கரையில் வண்டியை நிறுத்தி, தார்ப்பாயின் ஒரு முனையை வேனின் மேல் கம்பியிலும் மறுமுனையை இரண்டு மூங்கிலிலும் கட்டினீர்கள். எங்கள் கூடாரம் அவ்வளவுதான். ஆடு மேய்க்க வந்தவர்கள் நாங்கள் ஏதோ சினிமாக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு நெடுநேரம் நின்று பார்த்தார்கள். நீங்கள் அவர்களுக்கும் டீ போட்டுக் கொடுத்தீர்கள்.

மறுநாள் சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது பெரியண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"ரெண்டு பொம்பளைங்க ஆத்தங்கரையில கூடாரம் போட்டுகினு... ஊரு இன்னா பேசிகினு கீது தெரியுமா?"

"பேசட்டும் மாமா. ஊருக்கு வாய் கீது. எனக்கு வண்டி கீது."

"சாவியக் குடு. வாங்கறவன் நாளைக்கு வர்றான்."

நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள். வண்டியிலிருந்து சாவியை உருவி, அவர் கண்ணெதிரே ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டீர்கள். "எடுத்துக்கோங்க மாமா" என்றீர்கள், சாப்பிட வாங்க என்று கூப்பிடுகிற அதே குரலில்.

அவர் முகம் கறுத்துவிட்டது. இரண்டடி பின்னால் போய் என் பக்கம் திரும்பினார். "இவளோட சேந்து சுத்துனா உன்ன எவன் கட்டுவான்? வந்து வண்டியில ஏறு."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, அண்ணி. அதைத்தான் நான் மறக்கவில்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால் உங்களுக்காக நின்றேன் என்று ஆகியிருக்கும். நீங்கள் குனிந்து சோற்றைப் பதம் பார்த்தீர்கள். "நான் வரலண்ணா" என்றேன். என் வாயிலிருந்து அவருக்கு எதிராக வந்த முதல் சொல் அது. அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். சோறு குழைந்துவிட்டது. இருவரும் தின்றோம்.

அதற்கடுத்த நாள் வாயலூர் தாண்டிக் கடலைப் பார்த்தோம். பெரிய சங்கமத்தை எதிர்பார்த்து வந்திருந்தேன். அங்கே இருந்ததோ ஒரு மணல் திட்டும், அதை அறுத்துக்கொண்டு போகும் முழங்கால் அளவுத் தண்ணீரும்தான். நீங்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் இறங்கி நின்றீர்கள்.

"இவ்ளோதானா!" என்றேன்.

"இவ்ளோதான். ஆனா வந்துச்சு பாரு."

சின்னண்ணன் போன பிறகு நீங்கள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அலைச்சத்தத்துக்கு மேலே கேட்கும்படி அழுதீர்கள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, "பசிக்குதுடி" என்றீர்கள்.

திரும்பும்போது சதுரங்கப்பட்டினத்தில் மீன்கூடைகளோடு நின்ற பெண்கள் கை காட்டினார்கள். "அக்கா, செங்கல்பட்டு பக்கமா? பஸ்காரன் நாத்தம்னு கூடைய ஏத்த மாட்டேன்றான். பேஜாராக் கீது." நீங்கள் இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டீர்கள். சந்தையில் இறங்கியதும் அவர்களில் மூத்தவள் கேட்டாள், "நாளைக்கும் வருவியாக்கா?"

"வருவேன்" என்றீர்கள். யோசிக்கவே இல்லை.

வீடு திரும்பியதும், வேனை வாங்க வந்து காத்திருந்த ஆளிடம் அது விற்பனைக்கில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினீர்கள். ஊரப்பாக்கத்து வரன் தட்டிப்போனது. உங்களை நான் ஒருநாளும் குறை சொல்லவில்லை. நீங்களும் வருத்தம் தெரிவிக்கவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அந்த மீன்காரிகளை ஏற்றிப் போனீர்கள். மீன்வாடை வண்டி என்று சொந்தக்காரர்கள் மூக்கைப் பிடித்தார்கள். கல்யாண வீடுகளில் உங்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். நீங்கள் முதல் பந்தியில் போய் உட்கார்ந்து, இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கினீர்கள்.

உங்களை எடுத்த அன்று அந்தப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். தெருமுனையிலேயே நிற்கச் சொன்னார் பெரியண்ணன். நான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். உங்கள் காலடியில் உட்கார்ந்து அவர்கள் அழுத அழுகையில் வீடு அதிர்ந்தது.

வண்டிச் சாவி என்னிடம் இருந்ததால், காரியம் முடிந்த மறுநாள் அவர் என்னிடம் வந்தார். வயதாகிவிட்டது, குரலும் இறங்கிவிட்டது. "அந்த வண்டிய ஒருத்தன் கேக்கறாம்மா. இனிமே அது எதுக்கு?"

"குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

நான் காரணம் சொல்லவில்லை. நீங்கள் யாருக்கும் சொன்னதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று மட்டும் சொல்லி, அதற்குப் பிறகு வரும் அமைதியில் கண்ணைத் தாழ்த்தாமல் நிற்க வேண்டும். உங்களிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். அது கனமாகத்தான் இருக்கிறது அண்ணி. ஆனாலும் இறக்கி வைக்க மாட்டேன்.

போன மாதம் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். பள்ளி ஒன்பதரைக்கு. அதற்குள் சதுரங்கப்பட்டினம் போய்வர நேரம் இருக்கிறது.