பெல்ட்டில் விட்ட விளக்கெண்ணெய்

நல்லம்பள்ளி
1944, ஆவணி

வராமல் இல்லை ஜானகி, வந்தேன். நீ போன பிறகு வந்தேன். கல்கத்தாவிலிருந்து நீ போட்ட கார்டு நேற்றுக் கிடைத்தது. மொரப்பூரில் ரயில் நின்றபோது பிளாட்பாரம் முழுக்கப் பார்த்தேன், உன்னைக் காணோம், கோபம் இன்னும் ஆறவில்லை என்று புரிந்துகொண்டேன், பரவாயில்லை, என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பரவாயில்லையைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் வர நாளாகும், அதனால் சுகமாக இருக்கிறாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன். பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு நீ நர்ஸ் வேலைக்குப் போனதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. இல்லையென்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆனால் அன்றைக்கு நான் நேரத்துக்கு வந்து சேராததற்கு அது காரணமில்லை. காரணம் உன் அப்பாவின் கார்.

அப்பா காலமான பிறகு மாதையன்தான் ஓட்டுகிறான். மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு அப்பாவே கார் பழக்கிவிட்டது உனக்குத் தெரியும். மழை தொடங்கியதிலிருந்து கிளப்பும்போதெல்லாம் முன்பக்கம் கீச்சென்று ஒரு கத்தல். ஈரமான காலையில் இன்னும் அதிகம். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள், "என்ன தீர்த்தக்கா, தாயைக் காணாத கன்னுக்குட்டியாட்டம் கத்துதே ஒங்க காரு" என்று கேட்காத நாளில்லை. நான் சிரித்துவிடுவேன். சண்டைக்காலக் கூப்பனுக்குக் கிடைக்கிற பெட்ரோலில் எங்கே அதிகம் ஓட்டுகிறோம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நீ மொரப்பூர் வழியாக ரயிலில் போகிறாய் என்று தந்தி வந்த மறுநாள் சேர்த்துவைத்த பெட்ரோலை எல்லாம் ஊற்றி, பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்பட்டு தட்டி எடுத்துக்கொண்டு, பொழுது விடிந்ததும் புறப்பட்டோம். கிளப்பினால் ஊரே திரும்பிப் பார்க்கிற கத்தல். மாதையன் இறங்கி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அச்சு காஞ்சி போச்சுங்கம்மா, ரெண்டு சொட்டு எண்ணெ வுட்டா வாயை மூடிக்குமுங்க" என்றான். அவன் கண்ட வண்டியெல்லாம் கத்தினால் எண்ணெய் கேட்கிற வண்டி. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. உள்ளே போய் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து கொடுத்தது நான்தான். சுற்றுகிற சக்கரத்திலும் அதன்மேல் ஓடும் ரப்பர் பெல்ட்டிலும் தாராளமாக விட்டான். கத்தல் நின்றது. எங்கள் இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

தருமபுரி தாண்டி ஒரு ஏற்றத்தில் முன்னால் ஆவி கிளம்பியது. ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்கிறது. கிணறு தேடி, தண்ணீர் ஊற்றி, ஆறவைத்துக் கிளப்பினால் கொஞ்ச தூரம், மறுபடியும் கொதி. சத்தமே இல்லாமல் கொதித்தது. மாதையன் ரோட்டில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். அவனை அங்கேயே விட்டுவிட்டு நான் நடந்தேன். புளி ஏற்றிப்போன வண்டிக்காரர் ஒருவர் பார்த்து இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். மாடு நடக்கிற நடைதானே நடக்கும். ஸ்டேஷன் வந்தபோது பிளாட்பாரம் காலி. தண்டவாளத்தில் வெயில். ரயிலில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் மட்டும் இருந்தார். "நர்சம்மாங்க ஒரு கும்பலா இருந்தாங்க ஆயா, அதுல ஒருத்தங்க மட்டும் எறங்கி ஸ்டேசன் வாசக்கிட்ட வந்து ரோட்டையே பாத்துக்கினு நின்னாங்க, கார்டய்யா விசில் ஊதின பெறகுதான் ஓடிப்போயி ஏறினாங்க" என்றார். ஒப்பட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். காரை மாடு பூட்டித்தான் ஊருக்கு இழுத்து வந்தோம். குள்ளம்மாள் இதற்கும் வாசலுக்கு வந்தாள், "பெட்ரோலு கெடைக்கலன்னு மாட்டைப் பூட்டிட்டியா அக்கா" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு மோர் கொடுத்தனுப்பினாள்.

நாலு நாள் காரின் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு பகலில் வேலை எதுவும் இல்லை. வீட்டில் பேச ஆளில்லை. மூடியைத் தூக்கச் சொல்லி, மாதையனைக் கிளப்பச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தேன். எஞ்சின் வேகமாக ஓடுகிறது, தண்ணீரை ஆறவைக்கிற காற்றாடி சோம்பலாகச் சுற்றுகிறது. நடுவில் பெல்ட்டு தொளதொளவென்று ஆடுகிறது. நிறுத்தி விரலால் அழுத்தினால் நாலு விரல் உள்ளே போகிறது. நீ பள்ளிக்கூடத்தில் நூற்ற ராட்டை நினைவுக்கு வந்தது. கயிறு தளர்ந்தால் சக்கரம் மட்டும் சுற்றும், நூல் சுற்றுகிற கதிர் நின்றுவிடும். அந்தக் கயிற்றில் யாரும் எண்ணெய் விடமாட்டார்கள். பெல்ட்டு தளர்ந்து வழுக்கியதால்தான் கத்தியிருக்கிறது. நாங்கள் இன்னும் வழுக்கவிட்டு வாயை அடைத்திருக்கிறோம். காற்றாடி நின்றால் தண்ணீர் கொதிக்காமல் என்ன செய்யும்.

புதுப் பெல்ட்டு சேலத்திலும் கிடையாதாம், சண்டை முடிந்தால்தானாம். அதனால் பெல்ட்டைக் கழற்றிச் சீயக்காய் போட்டுத் தேய்த்து அலசி நிழலில் காயவைத்தேன், தலைக்கு எண்ணெய் எடுப்பது போலத்தான். சக்கரங்களைத் துணியால் வறவறவென்று துடைத்தோம். பெல்ட்டின் உள்பக்கம் சின்ன வெடிப்பு ஒன்று இருக்கிறது, கொஞ்ச காலம் தாங்கும். திரும்ப மாட்டி, அதே பெல்ட்டில் ஓடும் டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, மாதையன் கடப்பாரையில் சாக்கைச் சுற்றி அதை வெளியே நெம்பிப் பிடித்தான், நான் ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். முதல் தடவை அதிகமாக இறுகிவிட்டது, டைனமோ முனகியது. கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். இப்போது அழுத்தினால் கட்டைவிரல் அளவுதான் இறங்குகிறது. கத்தலும் இல்லை, கொதியும் இல்லை. மாதையன், "அம்மாவுக்கே லைசென்சு குடுக்கலாமுங்க" என்றான். உனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. மறுநாள் உன் கார்டு வந்தது.

உன் சித்தப்பா சென்னப்பன் ஏரியூரிலிருந்து வந்து போனார். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் போகும்போது கல்கத்தாவில் குண்டு விழுகிறதா என்று மட்டும் கேட்டார். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மற்றவர்களுக்குக் கட்டுப் போட்டுவிட்டு நீ சாப்பிடாமல் படுக்காதே. அடுத்த லீவுக்கு எந்த ரயில் என்று முன்கூட்டியே எழுது, நான் முதல் நாளே வந்து ஸ்டேஷனில் இருப்பேன். வேலை பார்க்கும் கை நோகாமல், எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு கண்ணு.

உன் அம்மா
தீர்த்தம்மாள்

இதைப் பென்சிலில் எழுதுகிறேன். கடிதத்தை இங்கேயே போடலாம் என்று காரில் மொரப்பூருக்கு வந்தேன். வழியில் கார் எங்கும் நிற்கவில்லை. அன்றைக்கு நீ போன ரயில் வர இன்னும் நேரம் இருக்கிறது என்றார்கள். ஒரு பிளாட்பாரம் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.