ஜஹீரா போட்ட சாம்பிராணி

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

மஹீன் சென்னையிலிருந்து போன் செய்தாள். மே லீவுக்கு வர யோசிக்கிறாளாம். சொந்த அப்பன் வீட்டுக்கு வர என்ன யோசனை? போன தடவை வந்த இரண்டாம் நாளே காஷிஃபுக்கு மூச்சிரைத்து, வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாலு வயசுப் பிள்ளை. "ஆம்பூர் காத்து அவனுக்கு ஒத்துக்கலப்பா. வீட்டுக்குள்ள காத்தை சுத்தம் பண்ற மிஷின் ஒண்ணு வாங்குங்க, வர்றோம்" என்றாள். வாங்காவிட்டால்? கேட்கவில்லை. பேரனைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது.

ஏப்ரல் 9

பஜாரில் தௌசீப் அகமது கடைக்குப் போனேன். மூன்று மாடல் காட்டினான். ஒன்று புகை தூசிக்கு, ஒன்று நாற்றத்துக்கு, ஒன்று இரண்டுக்கும் – அது விலை ஜாஸ்தி. முப்பத்து நாலு வருஷம் தோல் தரம் பிரித்தவன் நான். எதையும் தொட்டு, முகர்ந்துதான் எடுப்பேன். மிஷினையும் முகர்ந்தேன். "பாய், அது தோல் இல்ல" என்று சிரிக்கிறான், படவா.

நாற்றத்துக்கு உள்ளதைக் கேட்டேன். தோல் பதனிடும் நம் ஊரில் வேறென்ன பிரச்சினை? "புள்ளைக்குன்னு சொல்றீங்க, ரெண்டும் இருக்கிறதையே எடுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றான். எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 10

பகலெல்லாம் மிஷினில் பச்சை விளக்கு, காற்று சுத்தம் என்று அர்த்தம். சாயந்திரம் மகரிப் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் சிவப்பு. பேஜார்.

ஏப்ரல் 13

நாலு நாளாக அதே கதை. சாயந்திரம் தோல் டேனரிப் பக்கமிருந்து காற்று திரும்பும், அதனால்தான். ஜன்னல் இடுக்கில் எல்லாம் பழைய துணியைத் திணித்தேன். இன்றைக்கு இன்னும் சீக்கிரமே சிவப்பு!

ஜஹீரா இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்த அன்று துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டே சாப்பிட்டவள். "இந்த ஊர்ல மனுஷன் இருப்பானா?" என்றாள். மறுநாள் சாயந்திரமே ஜன்னலைச் சாத்தி, தணலில் சாம்பிராணி போட்டு, அறை அறையாகக் காட்டினாள். முப்பத்தோரு வருஷம், ஒரு நாள் விட்டதில்லை. வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே அந்த வாசனை வந்துவிடும். அப்பாடா என்றிருக்கும்.

இந்த டைரியைத் தமிழில் எழுதப் பழகியதும் அவளால்தான். அவளுக்கு உருது மட்டும்தான் படிக்கத் தெரியும். இப்போது ஒளித்து எழுத ஆளில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

மிஷின் கோளாறு என்று சண்டை போட தௌசீப்பைக் கூப்பிட்டேன். சாயந்திரம் வீட்டுக்கே வந்தான். விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"இந்த நேரத்துக்கு தினம் இன்னா பண்றீங்க பாய்?"

"ஒண்ணும் இல்லப்பா. அவ போட்ட மாதிரி சாம்பிராணி போடுவேன்."

"ஜன்னலை சாத்திட்டா?"

"சாத்தாம? வெளிய அந்த நாத்தம் நாறுது!"

அவன் போய் ஜன்னல்களைத் திறந்தான். டேனரி நாற்றம் குப்பென்று வந்தது. அரை மணி நேரத்தில் விளக்கு பச்சை.

நாற்றம் வேறு, புகை வேறு, விளக்கு சிவப்பானது சாம்பிராணிப் புகைக்கு என்கிறான். மூக்கை வைத்துப் பிழைத்த எனக்கு இது தெரியவில்லை. வாசனை நல்லதென்றால் காற்றும் நல்லது என்று இருந்துவிட்டேன். போன தடவை பேரன் வந்திருக்கிறான் என்று சாம்பிராணி இரண்டு கை கூடவே போட்டேனே. ஐயோ – என்னாலயா? அந்தப் புள்ள மூச்சுக்குத் திணறினது என்னாலயா?

ஏப்ரல் 18

போடவில்லை.

ஏப்ரல் 19

இன்றும் போடவில்லை. பச்சை விளக்கு. யார் வீட்டிலோ உட்கார்ந்திருப்பது போலிருக்கிறது. அவள் போய் இரண்டு வருஷமானாலும் சாயந்திரம் ஒரு மணி நேரம் உள்ளே எங்கோ வேலையாக இருக்கிறாள் என்றே இருந்தது. அதையும் நானே நிறுத்திவிட்டேன். இன்னா பண்றது ஜஹீரா, நீயே சொல்லு. புள்ளைக்கு இரைக்குது.

மே 3, சனி

மதியம் மஹீனும் காஷிஃபும் வந்தார்கள். மிஷினைப் பார்த்து மகளுக்குத் திருப்தி. சாயந்திரம் சமையலறை வாசலில் போய் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

"சாம்பிராணி போடலியாப்பா?"

நடந்ததைச் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "மண்ணு போட்ட அன்னிக்குகூட அம்மா வீட்ல இருந்தாங்கப்பா. இன்னிக்குதான் இல்ல."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து அழுதது இதுதான் முதல் தடவை.

மே 6

காஷிஃபுக்கு இரைப்பு இல்லை. மாடிப்படியில் ஏறி இறங்கி என் உயிரை வாங்குகிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்ப எடுத்திருந்த டிக்கெட்டை மஹீன் கேன்சல் செய்துவிட்டாள். லீவு முழுக்க இருக்கிறார்களாம். காலண்டரில் எண்ணிப் பார்த்தேன், இன்னும் இருபத்தாறு நாள்.